கருத்து இல்லை

10 ஏப்ரல் 2022

வக்கீல் சொன்னதால் எழுதத் தொடங்குகிறேன். "யார் எப்ப என்ன சொன்னாங்கன்னு தேதி போட்டு எழுதி வைங்க மேடம், பின்னால தேவைப்படும்" என்றார்.

கோவில்பாளையம் பக்கம் 'மேகமலர்' என்ற அடுக்குமாடித் திட்டத்தில் 2015இல் ஒரு வீட்டுக்குப் பணம் கட்டினோம். மூன்று வருடத்தில் சாவி என்றார்கள். பூச்சுக்கூட முடியாத ஐந்து மாடி இன்னும் அப்படியே நிற்கிறது. கம்பெனியில் போனை எடுப்பதில்லை. எங்களைப் போல ஏமாந்த நூற்றுச் சொச்சம் குடும்பங்களில் பாதிப்பேர் சேர்ந்து, கம்பெனியைத் திவால் சட்டத்தின் கீழ் கொண்டுவரச் சொல்லி சென்னைத் தீர்ப்பாயத்தில் மனுப் போட்டிருக்கிறோம். நான் சங்கச் செயலாளர். பிசிக்ஸ் டீச்சர், கணக்காகப் பேசுவாள் என்று என் தலையில் கட்டிவிட்டார்கள்.

இன்று சூலூரில் ஒரு கல்யாணம். பந்தியில் பெரியம்மா மகள் கேட்டாள், "பிரேமா, புது வீட்டுக்கு எப்ப கூப்பிடுவே?" தை மாசம் என்றேன். போன வருடமும் தை மாசம் என்றுதான் சொன்னேன். பக்கத்தில் என் கணவர் இலையிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. வங்கிக் கடன் தவணை ஒரு பக்கம், குடியிருக்கும் வீட்டுக்கு வாடகை ஒரு பக்கம். இரண்டையும் கட்டுகிறோம் என்பதை யாரிடமும் சொல்வதில்லை.

24 ஏப்ரல்

தண்ணீர் வரும் நாள். டிரம் நிரப்பிக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரர் ஆறுச்சாமி அண்ணன் மேலே வந்தார். கீழே அவரும் அவர் மனைவி சாந்தாமணியக்காவும் இருக்கிறார்கள். வீட்டை ஒட்டியே அவருடைய கிரில் பட்டறை. மேகமலருக்கு ஜன்னல் கிரில், மாடிப்படிக் கைப்பிடி எல்லாம் செய்து கொடுத்தவர் அவர்தான். பாதிதான் மாட்டியிருக்கிறார்கள். மீதி இரண்டு லாரி லோடு சைட்டில் தார்ப்பாய்க்குள் கிடக்கிறது. அவருக்கும் பணம் வரவில்லை. "நாம ரெண்டு பேரும் ஒரே ஆளுகிட்ட மாட்டுனவங்க டீச்சர்" என்று சொல்லி நாலு வருடமாக வாடகையை ஏற்றவே இல்லை.

"கம்பெனி மேனேஜரைப் பார்த்தனுங்க" என்றார். "மாட்டாம கெடக்கறதை எடுத்துட்டுப் போறதுன்னா போங்க, நாங்க தடுக்கலைன்னுட்டாரு. எடுத்துட்டு வந்தர்லாமுங்களா? வேற அளவுக்கு வெட்டி வித்தாக்கூட இரும்புக் கடைக்காரரு கடன்ல பாதி அடைச்சர்லாம்."

"கேஸ் போட்டிருக்கோமுங்கண்ணா. இப்பப் போய் சைட்டுல இருந்து எதையாச்சும் எடுத்தா திருட்டுக் கேஸ் ஆயிரும்."

"அப்புடிங்களா?"

"கொஞ்சம் பொறுங்க. எல்லாருக்கும் சேர்ந்து வரும்."

"நீங்க படிச்சவங்க, சொன்னாச் சரியா இருக்குமுங்க" என்று டீயைக் குடித்துவிட்டு இறங்கினார்.

சட்டப்படி சரியானதைத்தான் சொன்னேன். வக்கீலிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ள வேண்டும்.

2 மே

மிக்சி ரிப்பேர். பரீட்சை வேலை. வக்கீலிடம் கேட்க மறந்துவிட்டது.

15 ஜூன்

மனுவை ஏற்றுக்கொண்டார்கள். சங்க வாட்ஸப் குரூப்பில் நாள் முழுக்க வாழ்த்து. இனி கம்பெனி முதலாளி கையில் எதுவும் இல்லை. தீர்ப்பாயம் நியமித்த நிர்வாகி ஒருவர் பார்த்துக்கொள்வார். புதிதாக யாராவது வந்து கட்டிடத்தை முடித்துக் கொடுக்க முன்வந்தால், கடன் கொடுத்தோர் குழு வாக்களித்து முடிவு செய்யும். கம்பெனி வசம் இருக்கும் எந்தப் பொருளையும் யாரும் எடுக்கக் கூடாது என்று தடையும் போட்டிருக்கிறார்கள்.

"தடை மனுப் போட்ட நாள்ல இருந்தா சார்?" என்று வக்கீலிடம் கேட்டேன்.

"இல்லை மேடம். இன்னிக்குத் தேதியில இருந்துதான். அதுக்கு முன்னாடி தடையே கிடையாது."

அதாவது ஏப்ரலில் அவர் எடுத்திருந்தால் யாரும் திருட்டு என்று சொல்லியிருக்க முடியாது.

கிரில் அங்கேயே இருப்பது ஒருவகையில் அவருக்கும் நல்லதுதான். வேலை மறுபடி தொடங்கினால் அவரைத்தானே கூப்பிடுவார்கள். எங்கள் வீட்டு ஜன்னல்களுக்கானதும் அந்தக் குவியலில்தான் இருக்கிறது. இதை எழுத வேண்டிய அவசியம் இல்லை. எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

3 ஜூலை

யாருக்கு எவ்வளவு பாக்கி என்று ஃபாரம் போட்டுக் கொடுக்க வேண்டும். எங்களுடையதையும் அண்ணனுடையதையும் நானே நிரப்பினேன். சாப்பாட்டு மேஜையில் அண்ணன் பில்களைத் தேதி வாரியாக அடுக்கி வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கையெல்லாம் வெல்டிங் தழும்பு.

"உங்களுதும் என்னுதும் வேற வேற ஃபாரமாட்ட இருக்குதுங்க?"

"ஆமாங்கண்ணா. வீடு வாங்கினவங்களை வங்கிக்குச் சமமா வெச்சு சட்டத்தைத் திருத்திட்டாங்க. அது செல்லும்னு உச்ச நீதிமன்றமும் சொல்லிருச்சு. சாமான் கொடுத்தவங்களுக்கு வேற ஃபாரம்."

"வேற ஃபாரம்னா வேற வரிசைங்களா?"

"அப்படித்தான் வெச்சுக்கங்க."

"நாங்க எங்கேங்க நிக்கறோம்?"

"கொஞ்சம் பின்னாடி."

"குழுவுல எங்களுக்கு ஓட்டு உண்டுங்களா?"

இல்லை என்றேன். கம்பெனிக்குக் கடன் கொடுத்த வங்கிக்கும் எங்களுக்கும்தான் ஓட்டு. அவர் யோசித்துவிட்டு, "செரி, நீங்க உள்ளே இருக்கறீங்கல்ல" என்றார். சாந்தாமணியக்கா கொள்ளுப் பருப்பு கடைந்து கொண்டுவந்து கொடுத்தார். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பிடிக்கும் என்று அவருக்குத் தெரியும்.

18 டிசம்பர்

ஈரோட்டுக் கட்டுமானக்காரர் ஒருவர் மேகமலரை எடுத்துக்கொள்ள முன்வந்திருக்கிறார். திட்டத்தின் நகல் வந்தது. வீடு வாங்கிய ஒவ்வொருவரும் இன்னும் இரண்டு லட்சம் கட்டினால் ஒன்றரை வருடத்தில் சாவி. வங்கிக்குப் பாதி. சாமான் கொடுத்தவர்களுக்கு என்ற இடத்தில் ஒரு பூஜ்ஜியம்.

அச்சுப் பிழை என்று நினைத்து வக்கீலைக் கேட்டேன். "பிழை இல்லை மேடம். இன்னிக்குக் கம்பெனியை அப்படியே ஏலம் விட்டா, வங்கியும் நீங்களும் எடுத்தது போக அவங்களுக்கு என்ன மிஞ்சும்? ஒண்ணும் மிஞ்சாது. அதுக்குக் குறையாமக் கொடுத்தாப் போதும்னுதான் சட்டம். ஒண்ணுமில்லாததுக்குக் குறையாமன்னா ஒண்ணுமில்லைதான்." வணிக விஷயத்தில் குழு எடுக்கும் முடிவுக்குள் கோர்ட் தலையிடாது என்றும் தீர்ப்பு இருக்கிறதாம். இவர்களுடைய நிலையையும் குழு யோசித்துப் பார்த்ததா என்பதை மட்டும்தான் கேட்குமாம்.

கீழே கட்டர் மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு பள்ளிக்கூட கேட் ஆர்டர் வந்திருப்பதாக அக்கா சொன்னார். அண்ணனிடம் இப்போது எதையும் சொல்ல வேண்டாம். இன்னும் முடிவாகவில்லையே.

12 பிப்ரவரி 2023

ஞாயிறு. புளிக்குழம்பு அடுப்பில் இருந்தது. சென்னையிலிருந்து மைதிலி மேடம் போன் செய்தார். வீடு வாங்கியவர்கள் சார்பில் குழுவில் உட்காருபவர் அவர். எங்களுக்கும் அவருக்கும் நடுவில் நான்.

"ரெண்டு நிமிஷம் மேடம். நாளைக்குக் கமிட்டி. சப்ளையர்களுக்கு ஒண்ணுமில்லைங்கிறதைப் பத்தி உங்க தரப்புக்கு ஏதாவது கருத்து இருக்கான்னு நான் கேட்டதாப் பதிவு பண்ணணும். ஏதாவது கொடுக்கலாம்னு நீங்க சொன்னா ஈரோட்டுக்காரர்கிட்டப் பேசுவேன். அவர் அதை உங்க தலையிலதான் போடுவார், வீட்டுக்கு ஒரு முப்பதாயிரம் வரலாம். குரூப்ல கேட்டுச் சாயந்திரத்துக்குள்ள சொல்றீங்களா?"

கேட்டிருந்தால் நாலு நாள் சண்டை நடந்திருக்கும். ஏற்கெனவே இரண்டு லட்சத்துக்கே பலர் முனகுகிறார்கள். ஈரோட்டுக்காரர் முகம் சுளித்துப் போய்விட்டால் மறுபடி யார் வருவார்? இதெல்லாம் அப்போது மனதில் ஓடியதா, இப்போது எழுதும்போது சேர்த்துக்கொள்கிறேனா என்று தெரியவில்லை.

"கேட்க வேண்டியதில்லை மேடம். கருத்து இல்லை."

"கருத்து இல்லைன்னே போட்டுடட்டுமா?"

"போட்டுடுங்க."

குழம்பு அடிப்பிடித்துவிட்டது. போனில் யார் என்று கணவர் கேட்டார். ஸ்கூலிலிருந்து என்றேன். அவரிடம் எதற்குப் பொய் சொன்னேன்?

26 பிப்ரவரி

வாக்கெடுப்பு முடிந்தது. திட்டம் நிறைவேறியது. நானும் போனில் ஆம் என்று அழுத்தினேன்.

எங்கள் குரூப்பில் ராஜரத்தினம் சார் ஒருவர் இருக்கிறார், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. சாயந்திரம் கூப்பிட்டார். "எல்லாம் சரிதாம்மா. சப்ளையர்களுக்கு ஒரு சின்னத் தொகையாவது சேர்த்திருக்கலாம். நம்மளை யாராவது கேட்டிருந்தா நான் சரின்னிருப்பேன். நிறையப் பேர் சரின்னிருப்பாங்க."

"யாரும் கேட்கலையே சார்" என்றேன்.

22 ஆகஸ்ட்

தீர்ப்பாயம் திட்டத்தை அங்கீகரித்துவிட்டது. மகள் ஹரிணி விடுதியிலிருந்து போன் செய்து, தன் அறைக்கு என்ன வண்ணம் அடிக்கலாம் என்று கேட்டாள். நீலம் என்றேன். பச்சை வேண்டும் என்றாள்.

24 ஆகஸ்ட்

பள்ளி விட்டு வரும்போது படிக்கட்டின் கீழே அண்ணன் நின்றிருந்தார். கையில் ஒரு தாள். நிர்வாகியிடமிருந்து வந்த மெயிலை பிரவுசிங் சென்டரில் அச்செடுத்திருக்கிறார்.

"டீச்சர், இதுல என் பேருக்கு நேரா பூஜ்யம்னு அடிச்சிருக்காங்க. அடிக்கறப்பத் தப்பாயிருச்சாட்ட இருக்குது. இதை யாருகிட்டச் சொல்லித் திருத்தோணுமுங்க?"

நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "தப்பு இல்லீங்கண்ணா" என்றேன்.

"தப்பு இல்லீங்களா?"

"அவ்வளவுதான் திட்டத்துல."

"நாம போட்ட ஃபாரம்?"

"அதை ஏத்துக்கிட்டாங்க. உங்களுக்கு இவ்வளவு பாக்கின்னு ஒத்துக்கிட்டாங்க."

அவர் தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஒன்றும் இல்லை. "பாக்கின்னு ஒத்துக்கிட்டு, குடுக்க வேண்டியதில்லைன்னும் சொல்லிப்போட்டாங்க." அதை என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. பட்டறைப் பக்கம் பார்த்துச் சொன்னார்.

சாந்தாமணியக்கா வாசலுக்கு வந்தார். "விடுங்க. டீச்சருக்கு வீடு வருதல்ல. ஒருத்தருக்காச்சும் வரட்டும்." குத்திப் பேசத் தெரியாதவர் அவர். குத்தியிருந்தால் பதிலுக்கு நான் ஏதாவது சொல்லியிருப்பேன்.

மேலே வந்து நெடுநேரம் முகம் கழுவினேன்.

19 அக்டோபர்

சாமான் கொடுத்தவர்கள் நாலைந்து பேர் சேர்ந்து மேல்முறையீடு செய்திருக்கிறார்கள். செங்கல் சூளைக்காரர், டைல்ஸ்காரர், அண்ணன். வக்கீல் செலவுக்கு அக்காவின் வளையல் போயிருக்கிறது. கையைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

படியில் எதிர்ப்பட்டபோது அண்ணன் நின்றார். "வக்கீல் கேட்டாருங்க. மேனேஜரே எடுத்துக்கச் சொல்லியும் கிரில்லை ஏன் எடுக்காம உட்டீங்க, அப்பத் தடையே இல்லியேன்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"தெரியலீங்கன்னுட்டேன்." சிறிது நேரம் கைப்பிடியைத் தடவிக்கொண்டு நின்றார். "உங்க பேரை எதுக்கு இழுக்கறதுங்க."

பால் வாங்கப் போய்க்கொண்டிருந்தேன். பால் வாங்காமல் திரும்பி வந்துவிட்டேன்.

11 டிசம்பர்

மேல்முறையீட்டு விசாரணை காணொளியில். அரை நாள் லீவு போட்டு வீட்டில் கம்ப்யூட்டரில் பார்த்தேன். கீழே அவர்களும் போனில் பார்த்தார்கள். ஜன்னல் திறந்திருந்தது. நீதிபதி என் அறையில் பேசியதே ஒரு நொடி தாமதித்துக் கீழேயிருந்தும் கேட்டது.

அண்ணன் தரப்பு வக்கீல் சின்ன வயதுப் பெண். அதிகப் பணம் கேட்கவில்லை, குழு எங்களைப் பற்றி யோசித்ததா என்று மட்டும் பாருங்கள் என்றார். நீதிபதி எதிர்த்தரப்பைக் கேட்டார். "இவர்களுடைய நலனைக் குழு பரிசீலித்ததா? பதிவு இருக்கிறதா?"

"இருக்கிறது. வீடு வாங்கியவர்களின் பிரதிநிதியிடம் குறிப்பாகவே கேட்கப்பட்டது. வாங்கியவர்களைக் கலந்து பேசி, கருத்து இல்லை என்று தெரிவித்திருக்கிறார்."

கலந்து பேசி.

கீழேயிருந்து அதே வார்த்தைகள் மறுபடி வந்தன. ஜன்னலைச் சாத்தினேன்.

தீர்ப்பைப் பிறகு சொல்வதாக ஒத்திவைத்திருக்கிறார்கள்.

13 டிசம்பர்

கணவரிடம் சொன்னேன். எல்லாவற்றையும். கிரில் விஷயம், புளிக்குழம்பு நாள், யாரையும் கேட்காமல் நான் சொன்ன பதில்.

அவர் பம்பு கம்பெனி ஸ்டோர்ஸில் இருப்பவர். எதையும் இருப்பா செலவா என்று பார்ப்பவர். சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்தார். பிறகு கேட்டார், "இப்ப என்ன பண்ணணும்கிற?"

"கீழே போய்ச் சொல்லணும். யாரையும் கேட்கலைன்னு நான் எழுதிக் கொடுத்தா அந்தப் பொண்ணு கோர்ட்டுல காட்டுவா. குழுவுக்கே திருப்பி அனுப்பினாலும் அனுப்புவாங்க."

"திருப்பி அனுப்புனா?"

"மறுபடி பேசணும். ஆறு மாசம் ஆகலாம்."

"ஈரோட்டுக்காரர் ஆறு மாசம் காத்திருப்பாரா?"

தெரியாது என்றேன்.

"உன் மனசு சமாதானத்துக்கு நூறு குடும்பத்தை நிறுத்தி வைப்பியா பிரேமா? நான் சொல்லாதேன்னு சொல்லலை. யோசிச்சுக்கோ."

அவர் சொன்னது நியாயம்தான். சொல்லாமல் இருக்க எனக்கு ஒரு நியாயம் வேண்டியிருந்தது, அதையும் அவரே கொடுத்துவிட்டார்.

2 ஜனவரி 2024

நாளை சொல்லிவிடுவேன்.

9 ஜனவரி

பத்தாம் வகுப்புத் திருப்புதல் தேர்வு. மூன்று கட்டு விடைத்தாள்.

15 ஜனவரி

பொங்கல். அக்கா கரும்பு கொடுத்துவிட்டுப் போனார். நான் சர்க்கரைப் பொங்கல் கொண்டுபோய்க் கொடுத்தேன். அண்ணன் திண்டுக்கல் பக்கம் கேட் மாட்டும் வேலைக்குப் போயிருப்பதாகச் சொன்னார். சொல்வதற்கு ஆள் இல்லை என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. பட்டறை பூட்டியிருந்தது.

28 ஜனவரி

கீழே போனேன். அண்ணன் வந்திருந்தார். தண்ணீர் மோட்டாரைப் பற்றிப் பேசிவிட்டு மேலே வந்துவிட்டேன்.

26 பிப்ரவரி

மேல்முறையீடு தள்ளுபடி. கருத்துக் கேட்கப்பட்டதற்குப் பதிவு இருப்பதால் குழுவின் முடிவில் தலையிட முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

குரூப்பில் பட்டாசுப் படங்களாக வந்து விழுந்தன. அட்மின் என்ற முறையில் நானும் ஒன்று போட வேண்டியிருந்தது. போட்டேன்.

உச்ச நீதிமன்றத்துக்குப் போவீர்களா என்று அக்காவிடம் கேட்டேன். "டெல்லிக்குப் போறதுக்கு வளையல் ஏதுங்க" என்றார்.

19 மே

பட்டறை மிஷின்களை இரும்புக் கடைக்காரர் ஆள் வந்து ஏற்றிக்கொண்டு போனார். கட்டர், டிரில், இரண்டு வெல்டிங் செட். பாக்கிக்கு ஈடாக. கடைசியாக மேஜையை ஏற்றும்போது ஒரு கை குறைந்தது என்று அண்ணனே போய்ப் பிடித்துத் தூக்கிவிட்டார்.

நான் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். அவர் அண்ணாந்து பார்த்தார். மீதித் துணியை உலர்த்தாமல் உள்ளே வந்துவிட்டேன்.

8 ஜூலை

பட்டறையை அண்ணன் கூரியர் கம்பெனிக்குக் குடோனாக வாடகைக்கு விட்டிருக்கிறார். அவிநாசியில் ஒரு பெரிய பேப்ரிகேஷன் கம்பெனியில் அவருக்கு வேலை கிடைத்திருக்கிறது. சூப்பர்வைசர் என்றார் அக்கா. காலையில் டிபன் பாக்ஸோடு மொபெட்டில் போகிறார். ஐம்பத்தெட்டு வயதில் முதல் தடவையாக ஒருவரிடம் சம்பளத்துக்கு நிற்கிறார்.

10 நவம்பர்

சாவி கொடுத்துவிட்டார்கள். இருபத்தொன்பதாம் தேதி குடிபோகிறோம். ஹரிணி வந்து பச்சை அடித்த அறையைப் பார்த்துவிட்டு என்னைக் கட்டிக்கொண்டாள். அவரும் சிரித்தார். அவர் சிரித்து எவ்வளவு நாளாயிற்று. இதற்காகத்தானே எல்லாம் என்று சொல்லிக்கொண்டேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை மறைத்து எழுத விரும்பவில்லை.

17 நவம்பர்

இன்று சொல்லிவிட்டேன்.

ஞாயிறு. அண்ணன் வீட்டில் இருந்தார். காலி செய்வதாக முறைப்படி சொல்லப் போனேன். அக்கா காபி போட உள்ளே போனார். அவர் திரும்பி வருவதற்குள் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டேன். எவ்வளவு சின்ன விஷயம் போல ஆகிவிட்டது.

அண்ணன் கேட்டார், "இதை எப்ப சொல்லலாம்னு இருந்தீங்க?"

"போன மார்கழியிலயே சொல்லணும்னு நினைச்சேங்கண்ணா. தீர்ப்பு வர்றதுக்கு முன்னாடி."

"அப்பச் சொல்லியிருந்தா ஒருவேளை எனக்கு ஒதவியிருக்குமுங்க." குரல் உயரவில்லை. "இப்பச் சொன்னா உங்களுக்கு ஒதவும். எனக்கு என்னங்க ஆகும்?"

அவரே தொடர்ந்தார்.

"கிரில்லு விஷயத்துல நீங்க தெரியாமச் சொன்னீங்கன்னு அவகிட்ட அடிச்சுச் சொல்லிட்டு இருந்தனுங்க. அவ நம்பலை. நான்தான் நம்புனேன்."

அக்கா காபியோடு வாசலில் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ. டம்ளரை என் முன்னால் வைத்தார். "குடிங்க, ஆறுது" என்றார். நான் குடித்தேன். குடிக்காமல் எழுந்தால் அது இன்னொரு அவமரியாதை. குடித்தது அதைவிடக் கேவலம். எது சரி என்று இன்னும் தெரியவில்லை.

எழுந்தபோது அண்ணன் சொன்னார், "அட்வான்ஸ் ஒண்ணரை லட்சம் உங்களுக்குத் தரோணும்."

"வேண்டாங்கண்ணா. அது இருக்கட்டும். அதையாவது..."

"அதையாவதுன்னா?"

டம்ளரை எடுத்து அக்காவிடம் கொடுத்தேன்.

"மொத்தமா இப்ப முடியாதுங்க. மாசம் பத்தாயிரமாக் குடுத்தர்றேன். முழுசாக் குடுத்துருவேன். ஒரு ரூபா குறையாது. வேண்டாம்னு மட்டும் சொல்லாதீங்க டீச்சர். எனக்குன்னு மிச்சம் இருக்கறது அது ஒண்ணுதான்."

29 நவம்பர்

குடிவந்துவிட்டோம். பால் பொங்கிற்று. சூலூரிலிருந்தும் வந்திருந்தார்கள். பெரியம்மா மகள் அறை அறையாகச் சுற்றிப் பார்த்தாள். அண்ணனும் அக்காவும் வரவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்டவர்களிடம் உடம்பு சரியில்லையாம் என்று சொன்னேன்.

1 ஜனவரி 2025

போனுக்குப் பத்தாயிரம் வந்தது. முதல் தவணை.

1 பிப்ரவரி

வந்தது. திருப்பி அனுப்பலாமா என்று கணவரிடம் கேட்டேன். "அந்த மனுஷன் கேட்டுக்கிட்டது அது ஒண்ணைத்தான். அதையும் தட்டிவிடாதே" என்றார்.

1 மார்ச்

வந்தது.

ராஜரத்தினம் சாரிடமும் உண்மையைச் சொன்னேன். ஒருமுறை சொல்லிப் பழகிவிட்டால் எளிதாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. அவர் "எங்களைக் கேட்டிருக்கணும்மா" என்று மட்டும் சொன்னார். இப்போது மாடியில் நடைப்பயிற்சியின்போது எதிரே வந்தால் வணக்கம் வைக்கிறார். நின்று பேசுவதில்லை.

குரூப்பில் அட்மின் பொறுப்பை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டேன். காரணம் கேட்டார்கள். பள்ளியில் வேலை அதிகம் என்று சொன்னேன்.

1 ஏப்ரல்

வந்தது.

4 மே

இந்த மாதம் இன்னும் வரவில்லை. காலையில் சமையலுக்கு நடுவே போனை எடுத்துப் பார்த்தேன். மதியமும் பார்த்தேன். எதற்காகப் பார்க்கிறேன் என்பது மூன்றாவது தடவை பார்க்கும்போதுதான் உறைத்தது. அண்ணனுக்கு என்ன ஆயிற்றோ என்று பார்க்கவில்லை. பணம் வந்துவிட்டதா என்று பார்த்திருக்கிறேன்.

6 மே

பத்தாயிரம் வந்தது. கூடவே ஒரு செய்தி. எழுத்துக்கூட்டி அடித்திருக்கிறார்.

"அவளுக்கு ஒடம்பு செரியில்லீங்க டீச்சர். ஆஸ்பத்திரியில வெச்சுப் பாத்தோம். அஞ்சு நாள் தள்ளிப் போயிருச்சுங்க. மன்னிச்சுக்கோங்க."

பதிலை இரண்டு தடவை அடித்து அழித்தேன். கடைசியில் "பரவாயில்லீங்கண்ணா" என்று அனுப்பினேன்.

அக்காவுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை என்பது அனுப்பிய பிறகுதான் தெரிந்தது.